ஒரே கறுப்பில் ஐந்து நிறம் உண்டா?

“சீன, ஜப்பானிய மை ஓவியங்கள் எனக்கு எல்லாமே ஒரே சாம்பலாகத்தான் தெரிகின்றன. மைக்குள் ஐந்து நிறம் இருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா, இல்லை அழகுக்குச் சொல்வதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. வண்ணம் இல்லாதது ஒரு குறைதானே, அந்தக் குறையைத் தத்துவம் பேசி மூடி மறைக்கிறார்களா என்பதுதான் அது. நியாயமான சந்தேகம். சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற வகுப்பில் முதன்முதலாகத் தூரிகையைப் பிடித்தபோது எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. அது ஆகிவிட்டது 17 வருடம். நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. பழஞ்சீனமும் படிக்கத் தெரியாது. காகிதம், மை, தூரிகை பற்றி இங்கே சொல்வது என் கை கற்றுக்கொண்டது. வரலாறு, அருங்காட்சியகங்களில் பார்த்தும் அவற்றின் நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டது. அறிஞர்களுக்குள்ளேயே முடிவாகாத இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பதில்: உண்மைதான், உண்டு. ஆனால் கறுப்பு, கரும்சாம்பல், சாம்பல், வெளிர்சாம்பல், அதைவிட வெளிர் என்று ஐந்து படி எண்ணினால் அது கிடைக்காது. அப்படி எண்ணினால் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இதைவிட எவ்வளவோ மேல். மை ஓவியத்தின் வீச்சு முழுக்கத் தண்ணீரில் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், எந்தக் காகிதத்தில் என்பதில் இருக்கிறது.

மை என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். நம் வீடுகளில் கண்மை செய்தவர்களுக்கு இது புரியும். அகலில் விளக்கெண்ணெய் ஊற்றித் திரி ஏற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, படிந்த கரியை வழித்து எடுப்பார்கள். விரலில் பட்டால் நாலு நாளைக்குப் போகாது. சீனத்து மையும் அதே கரிதான். அந்தக் கரியைத் தோலையோ எலும்பையோ காய்ச்சி எடுத்த பசையில் (நம் ஊர்த் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அந்த இனம்) பிசைந்து, அச்சில் அழுத்தி, மாதக்கணக்கில் உலர்த்தினால் மைக்கட்டி. சீனாவில் ஹுய்ஜோ பகுதியும் ஜப்பானில் நாரா நகரமும் இதற்குப் பேர்போனவை. வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும் என்பதால் நாராவில் குளிர்காலத்தில்தான் மை பிசைகிறார்கள். எண்ணெய் எரித்த கரி ஒரு வகை, பைன் மரம் எரித்த கரி இன்னொரு வகை. இரண்டும் கெட்டியாக இருக்கும்போது ஒரே கறுப்பு போலத்தான் தெரியும். தண்ணீர் விட்டு இளக்கிப் பக்கத்தில் பக்கத்தில் தடவிப் பாருங்கள். எண்ணெய்க் கரி லேசான பழுப்பு காட்டும், பைன் கரி நீலம் காட்டும். முன்னது கொஞ்சம் பளபளக்கும், பின்னது மங்கிக் கிடக்கும். ஆக, ‘ஒரே கறுப்பு’ என்பதே கடையில் மைக்கட்டி வாங்கும் இடத்தில் அடிபட்டுப் போகிறது.

அடுத்தது காகிதம். உண்மையான நாயகன் இவன்தான் என்பேன். சீனாவின் ஆன்ஹுய் மாநிலத்தில் ஜிங் என்ற வட்டாரத்தில் செய்யப்படும் ஷுவான் காகிதம், நீலச்சந்தனம் என்று அழைக்கப்படும் ஒரு மரத்தின் பட்டையும் வைக்கோலும் சேர்ந்தது. நம் சந்தனத்துக்கும் அந்த மரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. 2009இல் யுனெஸ்கோ இந்தக் கைத்தொழிலைத் தன் பட்டியலில் சேர்த்தது. படிகாரம் கலந்து பதப்படுத்தாத பச்சைக் காகிதத்தில் ஈரத் தூரிகை பட்ட கணமே மை ஊற ஆரம்பித்துவிடும். அழிக்க முடியாது, மேலே வேறு வண்ணம் பூசி மறைக்கவும் முடியாது. என் முதல் வகுப்பில் ஆசிரியர் படமே வரையச் சொல்லவில்லை. ஒரு புள்ளி வை என்றார். வைத்தேன். தூரிகையை எடுக்காதே என்றார். புள்ளி என் கண் முன்னாலேயே பத்துக் காசு அளவுக்கு விரிந்து, நடுவில் கறுப்பும் ஓரத்தில் புகை மாதிரி ஒரு வளையமுமாக நின்றது. இப்போது பட்டதும் எடு என்றார். மிளகு மாதிரி ஒரு புள்ளி. பிறகு தூரிகையைத் துணியில் ஒற்றி ஈரத்தை வாங்கிவிட்டு வைக்கச் சொன்னார். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகக் கீறி, நடுவில் வெள்ளை தெரிந்தது. தூரிகை ஒன்று, மை ஒன்று, கை ஒன்று. மூன்று புள்ளியும் மூன்று பொருள். முதலாவது மேகம், இரண்டாவது விதை, மூன்றாவது மரப்பட்டை.

ஐந்து நிறம் என்ற பேச்சு எங்கே தொடங்கியது என்பதற்குச் சான்று இருக்கிறது. சீனாவின் தாங் அரசர்கள் காலத்து அறிஞர் ஜாங் யான்யுவான் 847இல் எழுதி முடித்த ஓவிய வரலாற்றில், மையைக் கையாளத் தெரிந்தால் ஐந்து நிறமும் அதிலேயே நிறைந்திருக்கும் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. இதுவரை உறுதி. அந்த ஐந்து எவை என்பதில்தான் குழப்பம். கருகியது, கெட்டி, கனம், இளசு, தெளிவு என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். காய்ந்தது, ஈரம், கெட்டி, இளசு, கறுப்பு என்று இன்னொரு பட்டியல் உண்டு. காகிதத்தின் வெள்ளையைச் சேர்த்து ஆறு என்பவர்களும் உண்டு. இவையெல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்கு. சீனச் சிந்தனையில் ஐந்து என்பது முழுமையைக் குறிக்கும் எண். ஐம்பூதம், நடுவையும் சேர்த்து ஐந்து திசை, ஐந்து சுவை என்று எல்லாம் ஐந்துதான். அதனால் ‘எல்லா நிறமும் இதிலேயே இருக்கிறது’ என்றே அந்த வரியை நான் படிக்கிறேன். இது என் வாசிப்பு மட்டுமே.

சரி, நடைமுறையில் எப்படி? மூங்கில் தண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மைக்கல்லில் சில துளி தண்ணீர் விட்டு, மைக்கட்டியை வட்டமாகத் தேய்க்க வேண்டும். அவசரப்படாமல் தேய்த்தால் கால் மணி நேரம். தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்து, எண்ணெய் போல வழுக்க ஆரம்பித்ததும் மை தயார். ஆட்டுமுடித் தூரிகையை முதலில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தண்ணீர் கலந்த இளம் மையில் முழுக்கத் தோய்த்து, ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் கெட்டி மையில் தொட்டு, தட்டில் இரண்டு முறை புரட்டிக் கொள்வோம். இப்போது தூரிகைக்குள் ஒரு ஓரத்தில் கறுப்பும், நடுவில் சாம்பலும், மறு ஓரத்தில் ஏறக்குறைய வெறும் தண்ணீரும் இருக்கும். தூரிகையைப் படுக்க வைத்து ஒரே இழுப்பில் மேலே தள்ளினால் உருண்டையான தண்டு வந்து நிற்கும். ஒளி விழும் பக்கமும் இருள் பக்கமும் ஒரே இழுப்பில். நிழல் தீட்டவே இல்லை. கணுவில் ஒரு நொடி நிறுத்தி, கொஞ்சம் அழுத்தி, தூக்கி, அடுத்த கண்டம். அந்த ஒரு நொடியில் கூடுதலாக ஊறிய மைதான் கணுவின் தடிப்பு. நிறுத்திய நேரம் அப்படியே காகிதத்தில் பதிந்து கிடக்கிறது. பழகியவர்கள் ஒரு மூங்கிலைப் பார்த்தே வரைந்தவர் எங்கே தயங்கினார், எங்கே மூச்சு விட்டார் என்று சொல்லிவிடுவார்கள்.

எண்ணெய் வண்ணத்தில் பழகியவர்களை இங்கே தடுமாற வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பதப்படுத்தாத காகிதத்தில் முதலில் போட்ட இழுப்புதான் முன்னால் நிற்கும். மையில் உள்ள பசை நார்களுக்குள் புகுந்து வழியை அடைத்துவிடுவதால், பிறகு வரும் மை அந்த இடத்துக்குள் சரியாக நுழையாமல் பின்னால் போனது போலத் தெரியும். இரண்டு ஈர இழுப்புகள் பக்கத்தில் சந்தித்தால் நடுவில் ஒரு மெல்லிய வெளிர்கோடு தங்கும். சீன ஓவியர் சி பாய்ஷி (1864–1957) வரைந்த இறால்கள் இந்தக் கோட்டை நம்பியே இருக்கின்றன. உடல் கண்டங்களை இளம் மையில் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு போவார். கண்டத்துக்கும் கண்டத்துக்கும் இடையே காகிதமே ஓட்டின் விளிம்பை வரைந்து கொடுக்கும். தலைப்பகுதி ஈரமாக இருக்கும்போதே ஒரு சொட்டுக் கெட்டி மை. அது உள்ளே கசிந்து, கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் குடல் தெரிவது போல நிற்கும். பிறகு மீசை, காய்ந்த தூரிகை நுனியில், நீரோட்டத்தில் ஆடுவது போல. தண்ணீரையே வரையவில்லை, ஆனால் இறால் தண்ணீருக்குள் இருக்கிறது. வீட்டில் இறால் வளர்த்துப் பார்த்துப் பார்த்து வரைந்த மனிதர் அவர். ஆண்டுகள் போகப்போகக் கால்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். குறைக்கக் குறைக்க இறாலுக்கு உயிர் கூடியது.

எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது என்கிற உங்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் படம், 13ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி மூச்சி வரைந்ததாகச் சொல்லப்படும் ஆறு பெர்சிமன் பழங்கள். ஜப்பானில் கியோத்தோவின் தைத்தொகுஜி கோயில் வளாகத்துக்குச் சொந்தமான படம் அது, 2023இல் சான் பிரான்சிஸ்கோவில் சில வாரம் காட்டினார்கள். பெரிய படம் இல்லை, ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரம். தக்காளி போன்ற ஆறு பழங்கள். ஐந்து ஒரு வரிசையில், ஒன்று மட்டும் கொஞ்சம் கீழே இறங்கி. இரண்டு ஓரத்துப் பழங்களும் வெறும் கோட்டில், ஏறக்குறைய வெள்ளை. உள்ளே வர வரச் சாம்பல். நடுவில் ஒன்று கனத்த கறுப்பு. மேசை இல்லை, நிழல் இல்லை, பின்னணி இல்லை. இருந்தும் ஒவ்வொன்றும் வேறு எடை. கறுத்த பழம் பழுத்துத் தொங்கிய கனத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஓரத்துப் பழம் ஊதினால் நகரும் போல இருக்கிறது. காம்புகளைப் பாருங்கள். பழங்களெல்லாம் மெத்தென்று ஈரத்தில் வந்தவை, காம்புகள் மட்டும் எழுத்து எழுதுவது போலச் சடக்கென்று முறித்த கறுப்பு. அந்த மோதலில்தான் பழம் பழமாகிறது. இந்தப் படத்தை ஜென் ஞானத்தின் வடிவம் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூச்சி துறவி என்பது சரி. ஆனால் படத்தில் அப்படி ஒரு குறிப்பும் கிடையாது. சீனாவிலேயே பிற்காலத்து விமர்சகர்கள் அவரைக் கரடுமுரடு என்று ஒதுக்கினார்கள், ஜப்பான்தான் பொத்திப் பாதுகாத்தது. அதனால் ஜென் விளக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் காம்பைப் பார்ப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

ஈரத்தின் எதிர்முனை வறட்சி. கொரிய அறிஞர் கிம் ஜியோங்-ஹுய் 1840இல் ஜெஜு தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். பதவி போனதும் பழகியவர்கள் பலர் விலகிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளராக இருந்த மாணவர் யி சாங்-ஜியோக் மட்டும் பெய்ஜிங் போகும்போதெல்லாம் அரிய நூல்களை வாங்கி ஆசிரியருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அதற்கு நன்றியாக 1844இல் வரைந்ததுதான் ‘செஹாந்தோ’, கடுங்குளிர்க் காட்சி. ஒரு வீடு, நான்கு மரம், அவ்வளவே. தண்ணீரை ஏறக்குறைய முழுவதும் வடித்துவிட்ட தூரிகையால், காகிதத்தைச் சுரண்டுவது போன்ற கோடுகள். அந்தக் கோடுகளில் குளிர் இருக்கிறது. பனி என்று ஒரு துளிகூடத் தீட்டாமல் தோல் வெடிக்கிற குளிர். குளிர் வந்த பிறகுதான் பைன் மரம் கடைசிவரை பசுமையாக நிற்பது தெரிகிறது என்ற கன்பூசியஸ் வாக்கை அவர் பக்கத்தில் எழுதி வைத்தார். மாணவர் அதைப் பெய்ஜிங் எடுத்துப்போய் அங்கிருந்த அறிஞர்களிடம் காட்ட, அவர்கள் ஆளுக்கொரு குறிப்பு எழுத, பிறகும் பலர் எழுத, இன்று அந்தச் சுருள் 14 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. படம் என்னவோ முக்கால் மீட்டருக்கும் குறைவு. 2020இல் அது கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்தது. இதை வண்ணத்தில் வரைந்திருந்தால் அழகான கிராமக் காட்சி ஆகியிருக்கும். அந்த வறட்சி வந்திருக்காது.

இன்னும் 500 வருடம் பின்னால் போனால் சீன ஓவியர் ஜெங் சிஷியாவோ இருக்கிறார். சோங் அரசு மங்கோலியர் கையில் விழுந்த பிறகு, 1306இல் அவர் வரைந்த ஆர்க்கிட் செடி ஒசாகாவில் இருக்கிறது. சில இலையும் பூவும்தான். வேர் பதிய மண் இல்லை. மண்ணைத்தான் பறித்துக்கொண்டார்களே என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் வாயால் சொன்னாரா என்பதற்கு உறுதி கிடையாது. ஆனால் மண் இல்லாத செடி நம் கண் முன்னால் இருக்கிறது.

வெள்ளைக்கு வருகிறேன். ஜப்பானிய ஓவியர் ஹசெகாவா தொஹாகு (1539–1610) வரைந்த பைன் மரங்கள், ஆறு ஆறு பலகையாக ஒரு ஜோடி மடிப்புத் திரை, தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஜனவரியில் வெளியே எடுப்பார்கள். ஒரு ஜனவரியில் அந்த அருங்காட்சியகம் இருக்கும் உயேனோவுக்குப் போய் அதன் முன் நின்றேன். கிட்டே போனால் மரமே இல்லை. ஆத்திரத்தில் கிழித்தது போன்ற முரட்டுக் கீறல்கள், கறுப்பு, வேகம். பத்து அடி பின்னால் வந்தால் விடியல் மூடுபனிக்குள் மரங்கள் நிற்கின்றன. சில கிட்டே, சில இருக்கிறதா என்று சந்தேகப்படும் தூரத்தில். மூடுபனி வரையப்படவே இல்லை, அது வெறும் காகிதம். திரையில் பாதிக்கு மேல் தொடப்படாத இடம். ஆனால் அந்த இடத்தில் ஈரக்காற்று இருக்கிறது என்று என் கண் நம்பியது. இந்தப் படம் முடிந்த படம்தானா, இல்லை பெரிய படம் ஒன்றுக்கான முன்வரைவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. காகிதத் தாள்களின் இணைப்பு ஒழுங்காக இல்லை, முத்திரையும் அவர் வழக்கமாகப் பயன்படுத்தியது போல இல்லை என்கிறார்கள். 1593இல் மகன் இறந்த துயரம் இதில் இருக்கிறது என்பது பலர் விரும்பும் விளக்கம். இருக்கலாம், நிரூபிக்க வழியில்லை.

அப்படியானால் வண்ணம் இல்லாதது குறையா? வண்ணம் கிடைக்காமல் மைக்கு வந்தவர்கள் இல்லை இவர்கள். தாங் காலத்திலேயே நீலமும் பச்சையும் கொட்டி மலை வரைந்தார்கள், பிற்காலத்து அரசவை ஓவியர்களும் வண்ணத்தை விடவில்லை. மை ஓங்கியதற்கு எளிமையான காரணம் ஒன்று, படித்தவர்கள் எழுதும் கருவியும் வரையும் கருவியும் ஒன்றாக இருந்தது. எழுத்தில் பழகிய மணிக்கட்டுக்கு ஒரு கோட்டின் குணம் தெரியும். மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்து ஓவியர் ஜாவ் மெங்ஃபு பாறையை ஒரு வகை எழுத்துப் போலவும் மரத்தை இன்னொரு வகை எழுத்துப் போலவும் வரைய வேண்டும் என்றே எழுதி வைத்தார். தாங் காலத்துக் கவிஞர் வாங் வெய்தான் மை ஓவியத்தின் மூலவர் என்று நீங்கள் எங்காவது படித்தால் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையால் வரைந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு படமும் இன்று இல்லை. அந்தப் பட்டம் பல நூற்றாண்டுகள் கழித்துக் கட்டியது.

மையால் முடியாதவையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பலாச ​மரம் பூத்த சிவப்பை மை தராது. சன்னல் வழியாக விழும் வெயில், அதன் நிழல், தோலின் மீது அந்த வெளிச்சம் மாறுவது, இவற்றில் இந்த மரபு பெரிதாக அக்கறையே காட்டவில்லை. நான் என் மகளின் முகத்தை மையில் வரையப் பலமுறை முயன்றுவிட்டேன், அவள் நிறம் இல்லாமல் அது அவளாக வரவில்லை. ஆனால் மழை, பனி, தூரம், வயது, எடை, வறட்சி, தனிமை என்று வந்தால் இதற்கு ஈடு இல்லை என்பது என் துணிபு.

இந்தியாவுக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. 1903இல் ஜப்பானிய ஓவியர்கள் யொக்கொயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தோடு தங்கினார்கள். அகலத் தூரிகையால் ஈரத்தைப் பரப்பும் அவர்கள் முறையைப் பார்த்துத்தான் அந்தக் குடும்பத்து ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் தன் ‘வாஷ்’ முறையை அமைத்துக்கொண்டார். அதே தைக்கான் 1923இல் 40 மீட்டர் நீளச் சுருள் ஒன்றை மையில் வரைந்தார். மலைப் பனித்துளி ஓடையாகி, ஆறாகி, கடலாகி, கடைசியில் மேலெழுந்து வானத்துக்குப் போகிறது. முழுக்கத் தண்ணீரின் கதை, முழுக்கத் தண்ணீரால் சொன்னது. தோக்கியோவில் அது காட்சிக்கு வந்த நாள் செப்டம்பர் 1, பெரும் பூகம்பம் வந்த அதே நாள். படம் தப்பித்தது.

நீங்களே சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் புட்டி மையில் தொடங்காதீர்கள். மலிவான புட்டி மையில் வரைந்த என் முதல் தாமரையைப் பின்னால் தாள் ஒட்டக் கொடுத்தேன். ஈரப்பசை பட்டதும் இலையெல்லாம் கரைந்து ஓடி, சேறாகத் திரும்பி வந்தது. நல்ல மைக்கட்டி அப்படி ஓடாது, காய்ந்த பிறகு நார்களோடு இறுகிவிடும். ஒரு சிறிய மைக்கட்டி, ஒரு மைக்கல், ஒரு ஆட்டுமுடித் தூரிகை, பதப்படுத்தாத ஷுவான் காகிதம் பத்துத் தாள். ஈரத்தில் கறுப்பாகத் தெரிவது காய்ந்ததும் ஒரு படி வெளுக்கும், அதனால் அரை மணி கழித்துப் பாருங்கள். படம் வேண்டாம். மூன்று புள்ளி மட்டும் வையுங்கள்: ஒன்றில் தூரிகையை நிறுத்தி, ஒன்றில் உடனே எடுத்து, ஒன்றில் ஈரத்தை ஒற்றிவிட்டு. அப்புறம் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சியின் பழங்களை நல்ல தெளிவான படமாகத் தேடி எடுத்து, காம்புகளில் இருந்து பார்க்கத் தொடங்குங்கள்.